உட்கார்ந்தால் உடையாத கிட்டார்

செப்டம்பர் 8, ஞாயிறு

இன்று ஆராதனைக்குச் சற்றுப் பிந்திப் போனேன். கொயர் பக்கத்தில்தான் ஒரு பெஞ்சு காலியாக இருந்தது. உட்காரப் போனதும் கொயர் மாஸ்டர் வேதமுத்து சார் ஓடி வந்து பெஞ்சில் இருந்த வயலினை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டார். "சும்மா வெளையாட்டுக்கும்மா" என்றார். பின்வரிசையில் நாலைந்து பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பன்னிரண்டு வருடமாக நானும் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

நடந்ததை இங்கே எழுதி வைத்துவிடுகிறேன், பிறகு இதைப் பற்றிப் பேச்சில்லை. அப்போது எனக்கு வயது இருபத்தேழு, எடை எழுபத்திரண்டு. தம்பி எபிக்கு இருபத்திரண்டு வயது. கொயரில் கிட்டார் வாசிப்பான். கிட்டார் சபையுடையது, அவன் பொறுப்பில் எங்கள் வீட்டில் இருந்தது. ஒரு சனிக்கிழமை பல் டாக்டர் கிளினிக்கில் நாள் முழுக்க நின்று வேலை பார்த்துவிட்டு வந்து என் கட்டிலில் தொப்பென்று உட்கார்ந்தேன். போர்வைக்கு அடியில் கிட்டார் இருந்தது.

சபைக் கமிட்டி விசாரித்தது. மறு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எல்லார் முன்னாலும் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டேன். எபி கொயரை விட்டான். அடுத்த மாதமே ஜாம்நகரில் வேலை என்று ரயிலேறிவிட்டான். அதற்குப் பிறகு அவன் கிட்டாரைத் தொட்டதில்லை. வருடத்துக்கு ஒரு தடவை அசனப் பண்டிகைக்கு வருவான். சபையார் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டு முடித்த அன்றைக்கே கிளம்பிவிடுவான். முன்பெல்லாம் நாங்கள் இருவரும் பேசினால் தெருவுக்கே கேட்கும். இப்போது சாப்ட்டியா, உடம்பு எப்படி இருக்கு, அதோடு சரி.

இந்த வருடம் அசனம் நவம்பர் பத்தாம் தேதி. அதற்குள் அவன் கையில் ஒரு கிட்டாரைக் கொடுத்து அவனை வாசிக்க வைக்க வேண்டும். மன்னிப்புக்காக இல்லை. மன்னிப்புத்தான் அன்றைக்கே கேட்டாயிற்றே.

செப்டம்பர் 10, செவ்வாய்

ஜங்ஷன் பக்கம் ஒரு இசைக்கருவிக் கடைக்குப் போனேன். கிட்டார் வேண்டும் என்றதும் கடைக்காரத் தம்பி உற்சாகமாக ஐந்தாறு எடுத்துக் காட்டினான். நான் கேட்டது ஒரே கேள்விதான்.

"இது மேல ஒரு ஆள் உக்காந்தா தாங்குமா?"

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். அந்தப் பார்வை எனக்குப் பழக்கம்தான். "மேடம், இது உள்ள காலியா இருக்கும், தாங்காது. எலக்ட்ரிக் கிட்டார்னா முழுக் கட்டை. அது தாங்கும். ஆனா யாரும் உக்கார மாட்டாவளே?" என்றான்.

எலக்ட்ரிக் ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்தேன். கழுத்தும் உடம்பும் சேர்கிற இடத்தில் ஒரு தாள் நுழைகிற இடைவெளி. ஓரமெல்லாம் பசை வழிந்து காய்ந்திருந்தது. நான் பல்செட் செய்கிறவள். டாக்டர்கள் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்கள், நான் வீட்டு முன்னறையில் வைத்துப் பல் செய்து கொடுப்பேன். இந்த லட்சணத்தில் ஒரு செட் செய்து அனுப்பினால் டாக்டர் அதை என் மூஞ்சியிலேயே விட்டெறிவார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

நானே செய்யப் போகிறேன்.

செப்டம்பர் 11, புதன்

என் வீட்டுக்காரர் தனசிங் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் வாத்தியார். விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. காந்தம், கம்பிச்சுருள், அதிர்வு என்று அரை மணி நேரம் பாடம் எடுத்தார். நடுவில் என்னிடம் கேள்வியும் கேட்டார். கடைசியில் விஷயம் இவ்வளவுதான். மரத்தில் உடம்பு, கழுத்து, கம்பியின் சத்தத்தைப் பிடிக்கிற பிக்கப், கம்பியைத் தாங்குகிற பிரிட்ஜ், கம்பியை முறுக்குகிற கீ ஆறு. எல்லாம் தனித்தனியாக ஆன்லைனில் கிடைக்கிறது. வாங்கிப் பூட்ட வேண்டியதுதான்.

"ஒயரிங் வேலைய நான் பாத்துக்கிடுதேன்" என்றார். போன வருடம் இவர் மிக்சியைப் பழுது பார்த்ததிலிருந்து எங்கள் வீட்டில் அம்மியில்தான் அரைக்கிறோம்.

செப்டம்பர் 14, சனி

உடம்பு ஒரு கடையிலும் கழுத்து வேறொரு கடையிலும் ஆர்டர் போட்டேன். கழுத்து விற்கிற இடத்தில் இடதா வலதா என்று ஒரு கேள்வி. இவர் பக்கத்தில் இல்லை, கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. எங்கள் தொழிலில் முதல் நாளே சொல்லிக்கொடுப்பது இதுதான்: பார்க்கிறவனுக்கு எந்தப் பக்கமோ அது கணக்கில்லை, வாய் யாருடையதோ அவருக்கு எந்தப் பக்கமோ அதுதான் பக்கம். கிட்டார் வாசிக்கிறவன் கழுத்தை எந்தக் கையில் பிடிக்கிறான்? இடது கையில். இடது என்று அழுத்தினேன். இருபது வருட அனுபவத்தில் நான் இடம் வலம் மாற்றியதே கிடையாது.

செப்டம்பர் 23, திங்கள்

கழுத்து வந்துவிட்டது. பெரிய தமாஷ். சாயங்காலம் நான் டாக்டர் கிளினிக்கில் பல்செட் கொடுக்கப் போயிருந்தேன். வெளியே பத்துப் பேர் காத்திருந்தார்கள். கூரியர்காரர் போன் செய்தார், சரியாகக் கேட்கவில்லை, ஸ்பீக்கரில் போட்டேன். வீட்டுக்காரர் பார்சலை வாங்கிப் பிரித்துவிட்டார் போலிருக்கிறது, போனையும் அவரிடமிருந்து பிடுங்கிக்கொண்டார்.

"சீலி, கழுத்து வந்துட்டு. நல்லா நீளமா இருக்கு. ஒடம்பு இன்னும் வரல."

"ஒடம்பு வெள்ளிக்கிழமதான் வரும். கழுத்த ஈரத்துல வச்சிராதிய, வளைஞ்சிரும்" என்று சொல்லிவிட்டு நிமிர்ந்தேன். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மா எழுந்து தூரப் போய் நின்றுகொண்டிருந்தார்.

செப்டம்பர் 27, வெள்ளி

உடம்பு வந்தது. தரையில் வைத்து உட்கார்ந்து பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை.

அக்டோபர் 2, புதன்

காந்தி ஜெயந்தி. இவருக்கு விடுமுறை, நானும் பல்லை ஒதுக்கி வைத்தேன். காலையில் உட்கார்ந்து கழுத்தையும் உடம்பையும் சேர்த்தோம். உடம்பில் கழுத்து இறங்குகிற குழியின் சுவரில் அரை மில்லிமீட்டர் மேடு இருந்தது. அதைத் தேய்க்கத் தேய்க்கப் போட்டுப் பார்த்து, போட்டுப் பார்த்துத் தேய்த்தேன். கடைசியில் கழுத்து உள்ளே இறங்கும்போது புதுப் பல்செட் ஈறில் உட்காருகிற அதே மெல்லிய சத்தம் வந்தது. இவர் துளை போட்டார், நான் நாலு திருகாணியையும் முடுக்கினேன். தாள் என்ன, தலைமுடி கூட நுழையாது.

அதைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு இரண்டு பேரும் எதிரில் உட்கார்ந்து டீ குடித்தோம். கல்யாணமான புதிதில் ஃபிரிட்ஜ் வாங்கிய அன்று இப்படி உட்கார்ந்திருந்தோம். ரொம்பச் சந்தோஷமாக இருந்தது.

அக்டோபர் 3, வியாழன்

சந்தோஷம் ஒரு நாள்தான். பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் இவர் ஒரு படத்தைச் செல்போனில் வைத்துக்கொண்டு எங்கள் கிட்டாரையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏட்டி, படத்துல கீ ஆறும் மேல்பக்கமா இருக்கு. நம்மளுக்குக் கீழ இருக்கே."

"நீங்க தலகீழாப் பிடிச்சிருக்கிய."

"நான் சரியாத்தான் பிடிச்சிருக்கேன். நீ ஆர்டர்ல என்ன போட்ட?"

சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். இடது என்றால் இடது கைப் பழக்கக்காரர்களுக்கான கழுத்தாம். வலது கைக்காரர்கள் கழுத்தை இடது கையில் பிடித்தாலும் அதற்குப் பெயர் வலதாம். இது என்ன நியாயம் என்று தெரியவில்லை. உடம்பு வலது, கழுத்து இடது. கடைக்குப் போன் செய்தேன், துளை போட்டதைத் திருப்பி எடுக்க மாட்டார்களாம்.

எபி வலது கைக்காரன். ராத்திரிச் சாப்பாடு எனக்கு இறங்கவில்லை.

அக்டோபர் 6, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமைகளில் எபி போன் செய்வான். இன்று எப்போதும் போல் சாப்பாடு, உடம்பு எல்லாம் முடிந்தது. வைக்கப் போனவனிடம் சும்மா கேட்கிற மாதிரி கேட்டேன்.

"ஏல, கிட்டார்ல கீ எல்லாம் கீழ்ப்பக்கமா இருந்தா வாசிக்க முடியுமா?"

"எதுக்குக்கா இப்ப அதக் கேக்குத?" என்றான்.

"சும்மாதான்."

"அந்தப் பேச்ச விட்ருக்கா. ஒனக்குப் புண்ணியமாப் போவும்" என்று சொல்லி வைத்துவிட்டான்.

இன்னும் கோபம் ஆறவில்லை. ஆறும் என்று நினைத்தது என் தப்பு.

அக்டோபர் 9, புதன்

பார்சல் ஒன்று வந்தது. ஜாம்நகரிலிருந்து. உள்ளே பல்லைத் தேய்க்கிற புது மோட்டார், நான் ஆசைப்பட்டுப் பார்த்துவிட்டு வாங்காமல் விட்டது. எபி எப்போதும் இப்படித்தான். பழைய பேச்சு ஏதாவது கிளம்பினால் அந்த வாரமே எனக்கு ஏதாவது அனுப்பிவிடுவான். ஆறு வருடத்துக்கு முன்பு ஒரு வாஷிங் மெஷினே வந்தது. சொந்தத் தம்பி அக்காவுக்கு இவ்வளவு செய்ய வேண்டியதில்லை. விருந்தாளிகள்தான் ஒவ்வொரு தடவையும் கையில் ஏதாவது கொண்டுவருவார்கள்.

மோட்டார் நன்றாகச் சுற்றுகிறது.

அக்டோபர் 12, சனி

வழி கிடைத்தது. கழுத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். கம்பிக்குக் கீ மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? அதற்கு வேண்டியது இழுத்துப் பிடிக்க ஒரு இடம், அவ்வளவுதான். கழுத்தின் தலைமாட்டில் ஆறு பள்ளம் வெட்டிய சின்னத் துண்டு ஒன்று இருக்கிறது. தடித்த கம்பிக்குப் பெரிய பள்ளம், மெல்லிய கம்பிக்குச் சின்னது. அந்த வரிசை மட்டும்தான் தலைகீழாக இருக்கிறது. அந்தத் துண்டைப் புதிதாகச் செய்துவிட்டால் போதும். பார்ப்பதற்கு நாலு பல்லை வரிசையாக ஒட்டி வைத்த அளவுதான் இருக்கும். பல் செய்கிறவளிடமே வந்து மாட்டியிருக்கிறது.

இவரிடம் சொன்னேன். அவர் எதையோ தேடிப் படித்துவிட்டு, "சீலி, சில பேரு வேணும்னே இப்படி மாத்திப் போட்டுக்கிடுதாங்களாம். ஸ்டைலாம்" என்றார். கேட்டதும் எனக்கு உயிர் வந்தது. இனி யார் கேட்டாலும் நாங்களும் வேண்டுமென்றேதான் செய்தோம்.

அக்டோபர் 14, திங்கள்

பல் செய்கிற வெள்ளைப் பொடி தீர்ந்துவிட்டது. சப்ளையர் வியாழக்கிழமைதான் வருவாராம். எனக்குப் பொறுக்கவில்லை. ஈறு செய்கிற ரோஸ் பொடியைக் குழைத்து அச்சில் ஊற்றினேன். எபி அனுப்பிய மோட்டாரால் ஆறு பள்ளமும் வெட்டினேன், கனகச்சிதமாக வந்தது. மாட்டிப் பார்த்தோம். கிட்டார் ஈறு தெரியச் சிரிக்கிறது.

"வெள்ளப்பொடி வந்ததும் மாத்திருவோம்" என்றேன்.

"இருக்கட்டும்டி. இந்த மாதிரி உலகத்துலயே ஒண்ணுதான் இருக்கும்" என்றார் இவர்.

அக்டோபர் 17, வியாழன்

கழுத்தில் குறுக்கே இருபத்திரண்டு உலோகக் கட்டைகள். எல்லாம் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும், இல்லையென்றால் கம்பி தட்டி ஜிங் என்று இரையுமாம். எது உயரம் என்று கண்டுபிடிக்கத் தனிக் கருவி வேண்டும் என்று வீடியோவில் ஒருவர் சொன்னார். எனக்கு எதற்குக் கருவி? புதுப் பல் வைத்தவர்களைக் கடிக்கச் சொல்லிப் பார்க்கிற நீலத்தாள் கட்டுக் கட்டாக வைத்திருக்கிறேன். கட்டைகள் மேல் தாளை வைத்து, அதன் மேல் இரும்பு ஸ்கேலை வைத்து அழுத்தினேன். ஏழும் பன்னிரண்டும் பதினைந்தும் நீலமாகிவிட்டன. தேய்த்தேன். மறுபடி கடிக்க வைத்தேன். நாலாவது தடவை இருபத்திரண்டிலும் ஒரே மாதிரி லேசான நீலம்.

"வலி இருக்கா?" என்று பழக்க தோஷத்தில் கேட்டுவிட்டேன். நல்ல வேளை, அறையில் யாரும் இல்லை.

அக்டோபர் 19, சனி

வாசிக்கிறவன் குனிந்து பார்த்து விரல் வைப்பதற்குக் கழுத்தின் மேல் ஓரத்தில் புள்ளிகள் இருக்கும். எங்கள் கழுத்தில் அவை தரையைப் பார்க்கின்றன. மேல் ஓரத்தில் சின்னச் சின்னக் குழி தோண்டி, பல் அடைக்கிற பசையை வைத்து, நீல விளக்கைக் காட்டி இறுக வைத்தேன். சொத்தை அடைக்கிற மாதிரியேதான். இவர் பக்கத்தில் இருந்து, "வாயை நல்லாத் தொறங்க" என்று கிட்டாரிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். சிரித்ததில் ஒரு புள்ளி கோணலாகிவிட்டது. அதை அப்படியே விட்டுவிட்டேன்.

அக்டோபர் 26, சனி

ஒயரிங். இவர் விரலில் இரண்டு கொப்புளம், என் மேசை விரிப்பில் ஒரு ஓட்டை. சின்ன ஆம்ப்ளிஃபயரில் சொருகியதும் வண்டுக் கூட்டம் மாதிரி ஓர் இரைச்சல். கம்பியைத் தொட்டாலும் நிற்கவில்லை, கையை எடுத்தாலும் நிற்கவில்லை. இவர் கரும்பலகை இல்லாத குறையாக ஏதேதோ விளக்கினார். நான் அடியில் எட்டிப் பார்த்தேன். பிரிட்ஜுக்குப் போக வேண்டிய எர்த் ஒயர் எங்கேயும் போகாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

"அதத்தான் நானும் சொல்ல வந்தேன்" என்றார்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. தெருவெல்லாம் வெடி. பதினொரு மணிக்கு எங்கள் வீட்டிலும் ஒரு சத்தம் கேட்டது. ஆறு கம்பியையும் செல்போன் காட்டியபடி முறுக்கிவிட்டு, நான் கட்டை விரலால் மேலிருந்து கீழே ஒரு தடவை இழுத்தேன்.

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அறை முழுக்க நிறைந்து, மெதுவாக, ரொம்ப மெதுவாக அடங்கியது. ஒரு கம்பி கூட இரையவில்லை. ஒரு மாதமாக மரமும் ஒயரும் திருகாணியுமாக இருந்தது, வாயைத் திறந்து பேசிவிட்டது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இவருக்கும்தான், ஆனால் வெடிப்புகை என்றார்.

எங்கள் இரண்டு பேருக்கும் வாசிக்கத் தெரியாது. அதனால் அந்த ஒரு இழுப்பையே மாறி மாறி மதியம் வரைக்கும் இழுத்துக்கொண்டிருந்தோம்.

நவம்பர் 3, ஞாயிறு

இவருக்கு வாயில் ஒன்றும் நிற்காது. எபி போன் செய்தபோது நான் குளித்துக்கொண்டிருந்தேன். இவர் பேசியிருக்கிறார். "அக்கா ஒனக்கு ஒரு எலக்ட்ரிக் கிட்டார் செஞ்சு வச்சிருக்கா, ரெண்டு மாசமா அதே வேலதான்" என்று சொல்லிவிட்டார். பத்து நிமிடத்தில் எபியிடமிருந்து செய்தி: இந்த வருடம் லீவு கிடைக்கவில்லை, அசனத்துக்கு வர முடியாது.

முன்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன். என் கையால் செய்தது என்று தெரிந்ததும் வர வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறான். அவ்வளவு வெறுப்பு.

பிறகு எனக்குக் கோபம் வந்தது. போன் போட்டேன்.

"லீவு இல்லன்னா விடு. நான் அங்க வாறேன்."

"யக்கா, ரெண்டு நாள் டிரெயின்க்கா."

"தெரியும். கையில கிட்டாரத் தூக்கிட்டு வந்து ஒங்க கம்பெனி வாசல்ல நிப்பேன். அக்கான்னு சொல்லித்தான் விசாரிப்பேன்."

"வேண்டாம். நானே வாறேன்" என்றான். தண்டனைக்கு வருகிறவன் மாதிரி இருந்தது குரல்.

நவம்பர் 8, வெள்ளி

எபி வந்தான். மெலிந்திருக்கிறான். முன்தலையில் முடி குறைந்துவிட்டது.

கிட்டாரை முன்னறை மேசையில் வெள்ளைத் துணி விரித்து வைத்திருந்தேன். கூட்டிப் போய்க் காட்டினேன். அவன் தொடவில்லை. ஒவ்வொன்றாகப் பார்த்தான். ரோஸ் துண்டு, கோணல் புள்ளி, தேய்த்த ஓரம். "எல்லாம் நீயே செஞ்சியா?" என்றான். ஆமாம் என்றேன். சட்டென்று செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

சாப்பிட வந்தான், சரியாகச் சாப்பிடவில்லை. என்னால் ஆனதைச் செய்தாயிற்று. வேண்டாம் என்றால் வேண்டாம்.

நவம்பர் 9, சனி

இன்றைக்கு நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

காலையில் அடுப்படியில் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். எபி வந்து நிலையில் சாய்ந்து நின்றான்.

"யக்கா, எதுக்கு இத செஞ்ச?"

"நான் ஒடச்சேன்லா. அதான்."

"நீ ஒடைக்கல."

சமாதானம் சொல்கிறான் என்று நினைத்து, "விடுல, பழைய கத" என்றேன்.

"நீ ஒடைக்கலக்கா. அது முன்னாலயே ஒடஞ்சிருந்துச்சு."

கத்தரிக்காய் கையிலேயே இருந்தது. அவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். கமிட்டிக்குத் தெரியாமல் சபைக் கிட்டாரை முதுகில் மாட்டிக்கொண்டு கூட்டாளிகளோடு மணிமுத்தாறு அருவிக்குப் பைக்கில் போயிருக்கிறான். வழியில் விழுந்ததில் கழுத்து பிய்ந்து வந்துவிட்டது. கோந்து போட்டு ஒட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தவன், அதை என் கட்டிலில் வைத்துப் போர்வையை மேலே இழுத்து விட்டிருக்கிறான்.

"வேல முடிஞ்சு வந்தா நீ எப்பவும் தொப்புன்னு தான உக்காருவ. அதான். வீட்டுல ரெண்டு திட்டு விழும், அதோட முடிஞ்சிரும்னு நெனச்சேன். கமிட்டி வரைக்கும் போகும்னு தெரியாது. எல்லார் முன்னாலயும் நீ எந்திரிச்சு நின்னப்ப நான் மூணாவது வரிசைல இருந்தேன். எந்திரிச்சு சொல்லீரணும்னு பாத்தேன். காலு வரல. அதுக்கப்புறம் ஒன் மூஞ்சியப் பாக்க முடியலக்கா. அதான் அவ்வளவு தூரம் போனேன்."

எனக்கு முதலில் வந்தது கோபம் இல்லை. உடம்பே லேசாகிவிட்டது. பன்னிரண்டு வருடமாக எந்த நாற்காலியிலும் நான் முழுசாக உட்கார்ந்ததில்லை. என் தம்பி என் மேல் கோபமாக இல்லை. ஒரு நாள் கூட இருந்ததில்லை.

பிறகு கோபம் வந்தது. கத்தரிக்காயை எறிந்தேன், தோளில் பட்டது. நறுக்கியது, நறுக்காதது எல்லாவற்றையும் எறிந்தேன். வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவனும் பேசாமல் நிற்காமல், "சின்னப்பிள்ளைல என் சைக்கிள ஆத்துல விட்டது யாரு?" என்று ஆரம்பித்துவிட்டான். அதற்கும் இதற்கும் என்னல சம்பந்தம் என்று நான் கேட்க, அவன் பதிலுக்குக் கத்த, இவர் ஓடிப் போய் ஜன்னல்களைச் சாத்தினார். எதிர்வீட்டுக்காரர்கள் வாசலுக்கு வந்துவிட்டார்களாம்.

அரை மணி நேரத்தில் இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. சோறு போட்டேன். மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டான்.

"நான் எங்க எந்திரிச்சு நின்னேனோ அங்க நீ நிக்கணும்" என்றேன்.

"நாளைக்கே நிக்கேன்க்கா."

பிறகுதான் கையைத் துடைத்துக்கொண்டு கிட்டாரை மடியில் எடுத்தான். "கீ ஏன்க்கா கீழ இருக்கு?"

"வேணும்னேதான். ஸ்டைலு" என்றேன். இவர் இருமிக்கொண்டே வெளியே போனார்.

விரல் மறந்துவிட்டது என்றான். கால் மணி நேரம் தடவித் தடவிப் பார்த்தான். பிறகு ஒரு பாட்டின் ஆரம்பம் வந்தது, நின்றது, மறுபடி வந்தது. நான் கத்தரிக்காய்களைப் பொறுக்கிக்கொண்டே கேட்டேன்.

நவம்பர் 10, ஞாயிறு

ஆராதனை முடிந்து அசனத்துக்குப் பந்தி போடுவதற்கு முன்னால் எபி மைக்குக்குப் போனான். தோளில் என் கிட்டார். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னான். மணிமுத்தாறையும் சொன்னான், போர்வையையும் சொன்னான். "என் அக்கா மேல தப்பே இல்ல. பன்னெண்டு வருசமா நீங்க அவளப் பாத்துச் சிரிச்சிய. இனி என்னப் பாத்துச் சிரிங்க" என்றான்.

முதலில் யாரும் சிரிக்கவில்லை. வேதமுத்து சார் எழுந்து என் வரிசை வரைக்கும் நடந்து வந்து, கை கூப்பி, "தப்பும்மா. எங்க தப்பு" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. பரவாயில்லை சார் என்று நான் சொல்லவில்லை. சரி என்று மட்டும் சொன்னேன். பரவாயில்லாமல் இல்லையே.

கமிட்டிக்காரர்கள் அங்கேயே கூடிப் பேசித் தீர்ப்புச் சொன்னார்கள்: சோறு பொங்கிய அண்டா ஐந்தையும் எபிதான் கழுவ வேண்டும். அப்போதுதான் கூட்டம் சிரித்தது. அவன் கொயரோடு சேர்ந்து நாலு பாட்டு வாசித்தான். இரண்டு இடத்தில் தப்பினான், எனக்கே தெரிந்தது. சாப்பிட்ட பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அண்டாவுக்குள் தலையை விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான். நான் நாற்காலி போட்டு, நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, வேடிக்கை பார்த்தேன்.

சாயங்கால ரயிலுக்கு அவன் போகவில்லை. மேனேஜருக்குப் போன் செய்து பத்து நாள் லீவு கேட்டான். கொடுத்துவிட்டார்களாம்.

நவம்பர் 11, திங்கள்

டாக்டருக்குப் புதன்கிழமைக்குள் முழு மேல்செட் ஒன்று கொடுக்க வேண்டும். காலை ஆறு மணியிலிருந்து எபி பக்கத்து அறையில் ஆம்ப்ளிஃபயரைப் போட்டு வாசிக்கிறான். ஒரே பாட்டை நாற்பது தடவை. மேசை அதிர்கிறது, மெழுகில் வைத்த பல் ஒன்றும் நிற்க மாட்டேன் என்கிறது. இவர் பஞ்சைக் காதில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிவிட்டார்.

"ஏல, நிறுத்துலே, வேல பாக்க விடுலே" என்று இங்கிருந்தே கத்தினேன். அவன் சத்தத்தை இன்னும் கூட்டி வைத்தான். நானும் குரலைக் கூட்டினேன். இப்படிக் கத்துவதற்கு ஆளில்லாமல் பன்னிரண்டு வருடம் இருந்திருக்கிறேன்.